பன்னிரண்டு பட்டனோடு தாம்பரத்தில் ஒரு நாள்

மலேசியாவில், ஈப்போவில் என் லாரிகளைத் தெரியாதவர்கள் குறைவு. மூன்றாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரியில் மூட்டை ஏற்றினேன், அப்புறம் லாரி ஓட்டினேன், அப்புறம் லாரி வாங்கினேன். இன்றைக்கு என் பெயர் எழுதிய வண்டி தெற்குக் கோடியில் ஜோகூர் வரைக்கும் போகிறது. இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்? முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. தாம்பரத்தில் நான் ஒரு விளையாட்டில் தோற்றேன். என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். தெரியாதவர்கள், தோற்றவன் யார் என்று தெரிந்துகொண்டு படிப்பது நல்லது.

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம், ஒரே கட்டடத்தில் எனக்கு இரண்டு வீடுகள். தரைத்தளத்தில் ஒன்று, மூன்றாம் மாடியில் ஒன்று. அந்தப் பக்கம் விலை ஏறுவதற்கு முன்பே வாங்கிப் போட்டேன். அப்போது சிரித்தவர்கள் இப்போது போன் போட்டு விலை கேட்கிறார்கள். கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கீழ் வீட்டில் ரோஸ்லின் என்கிற டீச்சர் குடியிருக்கிறார். மேல் வீடு காலி.

என் மனைவி கமலத்துக்கு முழங்கால் தேய்ந்து கைத்தடி வந்துவிட்டது. வருஷத்தில் இரண்டு மாதம் சென்னையில் தங்கி வைத்தியம் பார்க்க ஆசைப்படுகிறாள். அதற்குக் கீழ் வீடுதான் சரி. டீச்சர் குடும்பம் மூன்றாம் மாடிக்கு மாறட்டும், வாடகையைக்கூடக் குறைக்கிறேன் என்று போனில் சொன்னேன். முடியாது என்றார். போனில் முடியாதது நேரில் முடியும். நான் நேரில் போய் முடியாத காரியம் அதுவரைக்கும் இருந்ததில்லை.

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் நசீர் காத்திருந்தார். பெருங்களத்தூரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். அதே கட்டடத்தில் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறார், குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான். என் வீடுகளைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். அவருடைய வேனில் பின்னால் பிவிசி குழாய்கள், முன்னால் நாங்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிகள் போகவில்லை, நகர்ந்தன. எங்கள் நாட்டு நெடுஞ்சாலையில் இந்த நேரத்துக்கு நான் பாதி பேராக் மாநிலத்தைத் தாண்டியிருப்பேன். குரோம்பேட்டையில் பசி தாங்காமல் இறங்கி பரோட்டா சாப்பிட்டோம். எங்கள் ஊரில் அதை ரொட்டி சானாய் என்போம், பருப்புக் கறியில் தொட்டுச் சாப்பிடுவோம். இங்கே பரோட்டாவைக் கிழித்துப் போட்டு அதன் தலைமேல் சால்னாவை ஊற்றிவிடுகிறார்கள். கேட்காமலே ஊற்றுகிறார்கள். ருசி குறைச்சல் இல்லை.

சாப்பிடும்போது டீச்சரைப் பற்றிக் கேட்டேன்.

"அந்தம்மாவுக்கு என்னண்ணா? ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறப்ப பாக்கணும் நீங்க. பட்டுப்புடவை, பூவு, டக்கு டக்குனு நடை. அதே ஆளு திங்கக்கெழம தண்ணி லாரி வந்தா படுத்துக்கும். எங்க வூட்ல சொல்லுவா, லாரி ஹாரன் கேட்டாதான் டீச்சருக்கு நோவு வரும்னு."

தண்ணீர் லாரி அந்தக் கட்டடத்தில் பெரிய விஷயம். லாரி வந்ததும் வீட்டுக்கு ஓர் ஆள் இறங்கி, முறை வைத்துக் குழாய் பிடிக்க வேண்டும், குடம் தூக்க வேண்டும். டீச்சர் வீட்டு முறை வரும்போது பெரும்பாலும் ஆள் வருவதில்லை. கணவர் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார், அவர் இருந்தால் வருவார். இல்லாவிட்டால் இல்லை. மற்ற வீடுகளுக்கு இதில் கோபம்.

"பாத்தா நோயாளி மாதிரியா இருக்கு?" என்றார் நசீர். "நம்மள ஏமாத்துதுண்ணா."

சாயங்காலம் கட்டடத்துக்குப் போனபோது, வண்டி நிறுத்தும் இடத்தில் டியூஷன் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். தரையில் சாக்பீஸால் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோ எழுதியிருந்தது: குளியல், மாடிப்படி, பஸ், துணி துவைத்தல். பிள்ளைகள் கையில் பல நிறத்துச் சட்டைப் பட்டன்கள். கட்டம் தாண்டத் தாண்ட ஒரு டப்பாவில் பட்டன் போட்டார்கள். ஒரு சிறுமி 'பஸ்' கட்டத்திலேயே காலை நீட்டிப் படுத்துவிட்டாள்.

"மிஸ், என் பட்டன் காலி."

"ஏய், நடிக்காதடி, எழுந்திரு," என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"ஏன் படுத்தேன்னு சொல்றதுக்கும் ஒரு பட்டன் வேணும். எங்கிட்டதான் இல்லையே!"

எனக்கு வேடிக்கையாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த டீச்சர் என்னைப் பார்த்ததும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, "வாங்க சார், மலேசியாவிலேர்ந்து வீட்டைத் தூக்கிட்டுப் போக வந்துட்டீங்க," என்றார். நாற்பது வயதிருக்கும். முகத்தில் களை, பேச்சில் வேகம். நோய்க்கு அடையாளமாக ஒன்றும் தெரியவில்லை. நான் உட்கார்ந்து தொடங்கினேன்.

"டீச்சர், உங்களைப் பாத்தா..."

"நல்லாத்தான் இருக்கேன்னு சொல்ல வர்றீங்க. எல்லாரும் சொல்றாங்க சார். நானும் கண்ணாடி பாக்கறவதானே."

பிறகு அவரே சொன்னார். அவர் உடம்பே அவர் மூட்டுகளைக் கடிக்கிறதாம். டாக்டர் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார், பெயரைச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்குவதில்லை. வீக்கம்கூட எல்லா நாளும் வெளியே தெரியாது. பள்ளிக்கூட வேலையை விட்டது அதனால்தான்.

"காலைல எழுந்தா இன்னிக்கு இவ்ளோதான்னு ஒரு பங்கு இருக்கும் சார். குளிச்சா கொஞ்சம் போகும். நின்னா கொஞ்சம் போகும். தீந்துட்டா தீந்ததுதான். ஒக்காந்தா திரும்பி வராது, தூங்கி எழுந்தாதான். ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறேன்ல, அதுக்கு சனிக்கெழமையே படுத்துக் கெடப்பேன், திங்கக்கெழமையும் கெடப்பேன். இவங்க பாக்குறது ஞாயித்துக்கெழமைய மட்டும்."

"இந்த விளையாட்டு?"

"மாமியாருக்குப் புரியவைக்கப் பண்ணினது. வாயால சொன்னா சோம்பேறின்னாங்க. சரி, ஆடுவோம் அத்தைன்னேன்."

"புரிஞ்சுதா அவங்களுக்கு?"

"ரெண்டு தடவ ஜெயிச்சாங்க. மூணாவது தடவ தோத்தாங்க. அதுலேர்ந்து அவங்க காபிய அவங்களே போட்டுக்கறாங்க."

நான் சிரித்தேன். இருந்தாலும் வந்த காரியத்தை விடவில்லை. "டீச்சர், எனக்கு அறுபத்தெட்டு வயசு. இன்னிக்கும் மூணு மாடி ஓடியே ஏறுவேன். மனசு வெச்சா உடம்பு கேக்கும்," என்றேன். இது நான் எல்லோருக்கும் சொல்வதுதான். என் டிரைவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், கோயில் கூட்டத்தில் மைக்கில் சொல்லியிருக்கிறேன்.

டீச்சர் பட்டன் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நாளைக்கு எங்கெல்லாம் போறீங்க சார்?"

சொன்னேன். காலையில் சிங்கப்பெருமாள் கோவில், கமலத்தின் வேண்டுதல். மத்தியானம் மேற்குத் தாம்பரம் கடைத்தெருவில் அவளுக்கு ஒரு வெண்கலப் பானை. அப்புறம் கிழக்கே சேலையூரில் பழைய லாரி நண்பர் சுப்பையாவைப் பார்ப்பது. எனக்கு இது ஒரு நாளே இல்லை, அரை நாள்.

"அப்ப நாளைக்கு என் பட்டனோட போயிட்டு வாங்க. பன்னெண்டு தர்றேன். மூணு காரியத்தையும் முடிச்சிட்டு நடுவுல தீராம வீடு வந்து சேந்துட்டீங்கன்னா, அடுத்த வாரமே நான் மூணாவது மாடிக்குப் போயிடறேன். தீந்துடுச்சுன்னா, நானா காலி பண்ற வரைக்கும் என்னைக் கேக்கக் கூடாது."

விளையாட்டு என்று வந்தால் நான் விடமாட்டேன். ஈப்போவில் கேரம் பலகையில் என்னோடு உட்கார இன்றைக்கும் யோசிப்பார்கள். ஒத்துக்கொண்டேன். விதிகளை டீச்சர் சொன்னார். குளியல் ஒன்று. மாடி ஒன்றுக்கு ஒன்று. கூட்டத்தில் நிற்பதற்கு ஒன்று. சுமை தூக்கினால் ஒன்று. ஆட்டோவில் போகலாம், ஆனால் எல்லா இடத்துக்கும் அல்ல. அவர் கையில் அவ்வளவு காசு இருந்ததில்லை. யாரிடமாவது உதவியோ உட்கார இடமோ கேட்டால், ஏன் என்று விளக்க வேண்டும், அதற்கும் ஒன்று. தீர்ந்தபின் பட்டன் செலவாகும் காரியம் வந்தால் அந்த இடத்திலேயே உட்கார வேண்டும். கேட்காமலே யாராவது வந்து கை கொடுத்தால் எழுந்திருக்கலாம்.

நடுவர் நசீர். "என் கடையில ஆணியவே கிராம் சுத்தமாத்தான் நிறுப்பேன். இதுல எங்கண்ணன்னு பாக்கமாட்டேன்," என்றார். ஆனாலும் அவர் என் பக்கம்தான். டீச்சர் திரும்பியதும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மறுநாள் குளித்துவிட்டு, சட்டைப்பையில் பட்டன்களைப் போட்டுக்கொண்டு மூன்றாம் மாடியிலிருந்து இறங்கினேன். தங்கியிருந்தது மேல் வீட்டில்தானே. கீழே நசீர் கையை நீட்டினார். "குளியலுக்கு ஒண்ணு. மாடிக்கு மூணு."

"இறங்குறதுக்குமா?"

"டீச்சர் ஏறினான்னு சொல்லல, மாடி ஒண்ணுக்கு ஒண்ணுன்னாங்க."

கதவருகே நின்றிருந்த டீச்சர், "இறங்குறதுதான் சார் முழங்காலைக் கொல்லும்," என்றார். "மாடியில இருக்கச் சொன்னது நீங்கதானே."

தெருவில் கால் வைப்பதற்குள் பன்னிரண்டு எட்டானது. இதில் ஏதோ மோசடி இருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் கணக்கில் தப்பு இல்லை.

பொங்கல் வடை சாப்பிட்டோம். செங்கல்பட்டுப் பஸ்ஸில் உட்கார இடமில்லை, நின்றேன், ஒன்று போனது. வண்டலூரைத் தாண்டியதும் காற்று நன்றாக வந்தது. முன்னால் நின்றிருந்த இரண்டு பெண்கள் யாருடைய மருமகளையோ பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். "தலைவலி தலைவலிங்கறா, சீரியல் மட்டும் தலைவலியோடவே பாப்பா," என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

கோயில் மலையைக் குடைந்து கட்டியது. நரசிம்மருக்கு மூன்றாவது கண் உண்டு, தீபாராதனையின்போது பட்டர் நாமத்தை விலக்கிக் காட்டுகிறார். எங்கள் ஊரில் ஒரு குகைக் கோயிலுக்குப் படி ஏற ஏற மூச்சு வாங்கும். இங்கே சாமி தரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். வரிசையில் நின்றதற்கு ஒன்று. ஆறு மிச்சம். குன்றைச் சுற்றிவரப் பாறைமேல் பாதை போகிறது. கமலம் சுற்றிவரச் சொல்லியிருந்தாள். எனக்கும் பிடித்த விஷயம்தான், மேலிருந்து வயல்கள் தெரியுமாம். பாதையைப் பார்த்தேன், சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன்.

"சாமி கும்பிட்டாச்சு. சுத்துறது கட்டாயம் இல்ல," என்றேன்.

"அக்கா சொன்னாங்களேண்ணா?"

"அக்காகிட்ட பட்டன் இருக்கா?"

வெட்ட வேண்டிய செலவை வெட்டுவதுதான் தொழில், அதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது என்று நசீருக்கு விளக்கினேன். புளியோதரையைத் தொன்னையில் வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நல்ல எண்ணெய் விட்ட புளியோதரை. ஆனால் சாப்பிடும்போது என் கண் அந்தப் பாதை மேலேயே இருந்தது. மற்றவர்கள் சாதாரணமாக ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது ரயில். தொழிற்சாலை ஷிப்ட் விட்ட நேரம். உள்ளே கால் வைக்க இடமில்லை. ஜன்னலோரம் ஒரு இளைஞன் உட்கார்ந்து செல்போனில் பாம்பு கேம் விளையாடிக்கொண்டிருந்தான். நசீர் என் காதில் சொன்னார்:

"அண்ணா, அவன்கிட்ட எடம் கேளுங்க. கேட்டா ஒண்ணு, நின்னாலும் ஒண்ணு. கேட்டு ஒக்காந்துட்டா அதோட முடிஞ்சுது."

"எந்த ஊர்லயும் எந்த வண்டியிலயும் நான் எடம் கேட்டதில்ல நசீர்."

"உங்க இஷ்டம்."

நின்றேன். வண்டலூருக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவில் ரயில் நின்றது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. ஃபேன் ஓடவில்லை. கொய்யா விற்கும் அம்மா கூட்டத்துக்குள் நுழைந்து, மிளகாய்த்தூள் தடவிய கொய்யாவைத் தலைகளுக்கு மேலே நீட்டினாள். "பேஜாரு புடிச்ச வண்டி, தெனம் இதே ரோதனையா பூச்சு," என்று ஒருவர் யாருக்கும் சொல்லாமல் சொன்னார். ரயில் கிளம்பியபோது நசீர் மறுபடியும் கையை நீட்டினார். இவ்வளவு நேரம் நிற்பதற்கு ஒன்று போதாதாம், இன்னொன்று வேண்டுமாம். சண்டை போட்டேன். ரயில் நின்றது ரயிலின் தப்பு, என் தப்பு இல்லை என்றேன்.

"டீச்சரம்மா காலும் அதையேதாண்ணா சொல்லும்," என்றார். சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் திகைத்தார். நான் கொடுத்தேன், நாலு மிச்சம்.

தாம்பரம் ஸ்டேஷனில் நடைமேம்பாலம் ஏறியதற்கு ஒன்று, இறங்கியதற்கு ஒன்று. வெளியே வந்தபோது இரண்டு இருந்தது. நின்று கணக்குப் போட்டேன். சுப்பையா வீட்டுக்குப் போக அதே பாலத்தைத் திரும்ப ஏறி இறங்கிக் கிழக்கே போக வேண்டும். அதற்கு இரண்டு. அங்கே போய்விட்டால் சுப்பையாவிடம் கார் இருக்கிறது, காபி குடித்ததும் அவரே கொண்டுவந்து விடுவார். மூன்று மாடி ஏறப் பட்டன் இருக்காது. இருக்க வேண்டாமே! தரை வீடும் என் வீடுதான். அங்கே போய்ச் சோபாவில் உட்கார்ந்தால் வீடு வந்து சேர்ந்த கணக்கு. நசீரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "செல்லும்ணா," என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. படிக்காதவன் போட்ட கணக்கு!

பாத்திரக் கடைக்காரர் நல்ல மனிதர். குளிர்ச்சியாகக் குடிக்கக் கொடுத்தார், நாலைந்து பானைகளைத் தட்டிச் சத்தம் கேட்கச் சொன்னார். நான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கடைப் பையன் வந்து சேர்ப்பான் என்றோ, ஆட்டோவில் ஏற்றிவிடுவார்கள் என்றோ அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, நான் பானையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன். மூட்டை தூக்கி வளர்ந்த தோள், கனமான பொருளைப் பார்த்ததும் அதுவே போய்விட்டது. திரும்பினால் நசீர் முன்னால் நிற்கிறார்.

"சுமைக்கு ஒண்ணுண்ணா."

"டேய் நசீர்..."

"ஏன் தூக்கினீங்க? அவரு ஏத்தி விடறேன்னாரே."

சட்டைப்பையில் கை விட்டேன். கொடுத்தேன். ஒன்று இருந்தது. அப்போதே திரும்பியிருக்கலாம். ஆனால் சுப்பையாவைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். மேலே போனால் வழி ஒன்று பிறக்கும் என்கிற தைரியம் எனக்கு எப்போதும் உண்டு. பாலம் ஏறினேன். மேலே நடுவில் வந்தபோது நசீர் கடைசிப் பட்டனை வாங்கிக்கொண்டார்.

இறங்கப் பட்டன் இல்லை. விதிப்படி உட்கார்ந்தேன். பானையைப் பக்கத்தில் வைத்தேன். நசீர் நடுவர் என்பதால் பத்தடி தள்ளிப் போய்க் கம்பியில் சாய்ந்துகொண்டார்.

தாம்பரம் பாலத்தில் சாயங்காலக் கூட்டம் எப்படி இருக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் ஆட்கள் ஓடுகிறார்கள். நான் உட்கார்ந்ததும் கூட்டம் என்னை இடித்துக்கொண்டு இரண்டாகப் பிரிந்தது.

"இன்னா பெர்சு, நட்டநடுவுல குந்திகினு கீற? வழிய வுடு," என்றான் கூடை தூக்கி வந்தவன்.

"மத்தியானமே ஊத்திக்கினு வந்துட்ச்சு போல," என்றாள் பூ விற்கிறவள்.

"அய்ய, வாட்சு இன்னா, மோதிரம் இன்னா, ஷோக்கா கீதேம்மா. குடிகாரன் மாதிரி தெரீல."

"அப்ப கொயுப்பு."

நான் யார் தெரியுமா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்க முடியாது, விளக்கம் சொல்லப் பட்டன் வேண்டும். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்த ஒரே நேரம் அதுதான் என்று நினைக்கிறேன். கல்லூரிப் பெண் ஒருத்தி நின்று, குனிந்து, ஏதோ கேட்க வந்தாள். என் கைக்கடிகாரத்தையும் தேய்த்த சட்டையையும் பார்த்தாள். தோழி இழுத்ததும் போய்விட்டாள். கைத்தடி வைத்திருந்தால் அவள் கை கொடுத்திருப்பாள். எங்கள் விமான நிலையத்தில் கமலம் தடியை ஊன்றி எழுந்தால் நாலு பேர் ஓடி வருவார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். என் காலில் ஒன்றும் இல்லை. நினைத்தால் எழுந்து, பானையைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கியிருப்பேன். கொடுத்த வாக்கு ஒன்றுதான் என்னைப் பிடித்து வைத்திருந்தது. டீச்சரைப் பிடித்து வைப்பது வாக்கு இல்லை, அவருக்கு அதை மீறுகிற வசதி கிடையாது. அதனால் அவர் கஷ்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவனை மற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பது மட்டும் தெரிந்தது. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் வந்தார். "சார், எழுந்திரிங்க. இங்கெல்லாம் ஒக்காரக் கூடாது."

விளக்கம் சொல்லப் பட்டன் ஏது? நசீருக்குப் பொறுக்கவில்லை. ஓடி வந்தார். "சார், அவருக்கு ஒடம்பு சரியில்ல."

போலீஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாத்தா நோயாளி மாதிரியா இருக்கு? ஏமாத்தாதீங்க பாய்."

குரோம்பேட்டையில் நசீர் சொன்ன அதே வார்த்தை. அவர் முகம் போன போக்கை நான் கீழேயிருந்து பார்த்தேன். பிறகு நடுவர் வேலையை அங்கேயே விட்டுவிட்டு, குனிந்து என் கையைப் பிடித்தார். "எழுந்திரிங்கண்ணா. நீங்க ஒண்ணும் கேக்கல, நானாத்தான் குடுக்கறேன்."

சுப்பையாவுக்கு வர முடியாது என்று போன் போட்டுவிட்டு, ஆட்டோவில் திரும்பினோம். கட்டடத்தில் டீச்சர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, தூங்குகிறார் என்றார்கள். நான் மூன்றாம் மாடிக்கு ஏறி கமலத்துக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் போட்ட சத்தம் போன் இல்லாமலே ஈப்போவிலிருந்து கேட்டிருக்கும்.

"என் முழங்காலை வெச்சு சூதாடினீங்களா? பட்டனுக்கு? கோயிலையாவது சுத்தினீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"பட்டன் பத்தாது."

அவள் குரலை இறக்கினாள். பிறகு கேட்டாள். "அந்தப் பொண்ணுகிட்ட தடி இருக்கா?"

"இல்ல."

"ம்." அவள் கைத்தடி தரையில் தட்டுவது கேட்டது. "சரி, எனக்கு ரெண்டு மாசம்தானே. தரையில வேற வீடு பாருங்க. படி இருந்தா ரெண்டுக்கு மேல இருக்கக் கூடாது. பாத்துட்டுத்தான் ஃப்ளைட் ஏறணும்."

மூன்றாம் நாள் முழுக்க வீடு தேடினோம். தரகர் ஒருவர் மொபெட்டில் முன்னால் போக, நாங்கள் வேனில் பின்னால். ஏரிக்கரை ஓரம் முதல் வீடு அழகாக இருந்தது. சுவரில் இடுப்பு உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கறை. "மழை வந்தா மட்டும்தான் சார்," என்றார் தரகர். இரண்டாவது வீடு தரைத்தளம், ஆனால் வாசலில் ஐந்து படி. "அஞ்சு படியெல்லாம் ஒரு படியா சார்?" என்று தரகர் சிரித்தார். நசீர் சிரிக்கவில்லை. "உனக்கு படி இல்ல, போய்யா," என்றார். கடைசியில் பெருங்களத்தூர் உள்ளே, ஓய்வுபெற்ற ஓர் அம்மாவின் வீட்டுப் பின்கட்டு கிடைத்தது. ஒரே ஒரு படி. கோழி சமைக்கலாமா என்று கேட்டேன். "மீனும் சமைங்க, எனக்கும் கொஞ்சம் குடுங்க," என்றார் அந்த அம்மா. அங்கேயே பேசி முடித்தேன்.

சாயங்காலம் டீச்சரைப் பார்க்கப் போனோம். கதவு திறந்திருந்தது. அவர் கூடத்துக் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாசலில் நாலைந்து குடித்தனக்காரர்கள் தண்ணீர் லாரிக்காகக் குடங்களோடு நின்றார்கள். முதல் நாள் பார்த்த முகக்களை டீச்சரிடம் இல்லை.

"எந்திரிக்க முடியல சார், தப்பா எடுத்துக்காதீங்க. நசீர் பாய் எல்லாம் சொன்னார். பாலத்துல எவ்ளோ நேரம்?"

"கொஞ்ச நேரம்தான்," என்றேன். "டீச்சர், ஒண்ணு கேக்கணும். பன்னெண்டு பட்டன் கொஞ்சம் கஞ்சத்தனம் இல்லையா?"

"உங்களுக்குக் குடுத்தது என் நல்ல நாள் கணக்கு சார்."

நசீர் தரையைப் பார்த்தார். வந்த விஷயத்தைச் சொன்னேன். வேறு வீடு பார்த்துவிட்டேன், நீங்கள் இங்கேயே இருக்கலாம், இருக்கிற வரைக்கும் இருக்கலாம். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். நன்றி சொன்னால் என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

அவர் கேட்டார்: "பாவம் பாத்து விடுறீங்களா சார், தோத்ததுக்கு விடுறீங்களா?"

நல்ல பெயர் வாங்குவதற்கு இதைவிடச் சுலபமான சந்தர்ப்பம் எனக்கு வாய்த்ததில்லை. ஈப்போவில் கோயில் மதில் சுவரில் பாதி என் பெயரில் நிற்கிறது. இதையும் ஒரு தர்மமாகச் சொல்லிக்கொண்டு போய்விடலாம். வாசலில் நிற்பவர்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

"ஏன் கேக்கறீங்க?"

"பாவம்னா அடுத்த வருஷம் தீந்துடும். உங்களுக்கு இல்லன்னாலும் உங்க புள்ளைக்குத் தீந்துடும். இவங்களும் ஓனரு இரக்கப்பட்டு விட்டாருன்னுதான் பேசுவாங்க. தோத்தது அப்படி இல்ல. பந்தயம் போட்டோம், நான் ஜெயிச்சேன், இருக்கேன்."

"தோத்ததுக்குத்தான்," என்றேன்.

"அவங்களுக்குக் கேக்கல சார்."

வாசலைப் பார்த்துத் திரும்பினேன். "நான் தோத்துட்டேன். டீச்சர் ஜெயிச்சுட்டாங்க. வீடு அவங்களுக்கு," என்றேன். லாரியில் மூட்டை ஏற்றிய நாளுக்கு அப்புறம் இவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. குடத்தோடு நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் தெருமுனையில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. அன்றைக்கு டீச்சர் வீட்டு முறை. நசீர் மூலையில் இருந்த டீச்சர் வீட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

டீச்சர் தலையணையைச் சரிசெய்துகொண்டார். "அப்ப சரி. போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க சார், எனக்கு இன்னிக்கு இதோட முடிஞ்சுது."

வெளியே வந்து, சத்தம் வராமல் சாத்தினேன்.